மணமாகாத மகள் பிரிவு

என் தங்கைக்குத் தாலி கட்டிய காலையில் யாரும் படம் எடுக்கக் கூடாது என்று சொன்னவன் நான்தான். மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே, ஒரு சந்துக்குள் இருக்கும் சிறிய முருகன் கோயில். எங்கள் பக்கம் நான், என் மனைவி, எங்கள் மகள், மணப்பெண். மாப்பிள்ளை பக்கம் ஏழு பேர். கோயிலில் திருமண ரசீது போட வேண்டும் என்றார்கள். அபிஷேகம் என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். மேளம் இல்லை. அழைப்பிதழ் அடிக்கவில்லை. ஏழே காலுக்குத் தாலி ஏறியது. எட்டு மணிக்கு எல்லோரும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டும், "ஒரு செல்ஃபியாவது எடுத்துக்கிடலாமே" என்றார். நான் பார்த்த பார்வையில் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அப்படி ஒளித்துச் செய்ததற்குக் காரணம் அமெரிக்காவில் நிலுவையில் இருந்த ஒரு மனு.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவர். அப்பா இறந்த பிறகு அம்மாவைத் தன்னிடம் அழைத்துக்கொண்டார். அம்மாவுக்கு கிரீன் கார்டு வந்தது. வந்த கையோடு, மந்தைவெளியில் என் வீட்டில் இருந்த தங்கைக்காக அம்மா மனு போட்டாள். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் மணமாகாத மகளைத்தான் அழைக்க முடியும். மணமான பிள்ளைகளுக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. எனக்கு அப்போதே மணமாகிவிட்டதால் என் பெயர் பேச்சிலேயே வரவில்லை. அப்போது தங்கைக்கு வயது இருபத்தெட்டு. வரிசையில் நிற்கும்போது மணமாகிவிட்டால் மனு அத்தோடு முடிந்துவிடும் என்று அண்ணன் முதல் நாளே சொன்னார். "நாலஞ்சு வருஷந்தான், பொறுத்துக்கோ" என்றார். எட்டு வருடம் ஆயிற்று.

அந்த எட்டு வருடங்களில் ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அவளிடம் கேட்காதவர்கள் குறைவு. விசா விஷயம் வெளியே தெரிந்தால் கண் படும் என்று அம்மா சொல்லியிருந்ததால் நாங்கள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. நங்கநல்லூரில் ஒரு உறவினர் வீட்டு வளைகாப்பில், அவள் ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. நான் மறுக்கவில்லை. அந்தப் பேச்சு எங்களுக்கு வசதியாகத்தான் இருந்தது.

தங்கைக்கு அமெரிக்கா மேல் ஆசை என்று எதுவும் கிடையாது. தரமணியில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் பரிசோதனைக் கூடத்தில் நல்ல வேலை. அவளுக்கு வேண்டியது அம்மா. அண்ணனும் அண்ணியும் காலையில் வேலைக்குப் போனால் மாலைதான் வருவார்கள். அந்தப் பெரிய வீட்டில் பகல் முழுக்க அம்மா தனியாக இருப்பாள். அங்கிருந்து தங்கைக்குப் போன் செய்து, ஜன்னலுக்கு வெளியே போகும் நாய்களைப் பற்றிச் சொல்வாள். இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. இனி நீண்ட விமானப் பயணம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தங்கை சுற்றுலா விசா கேட்டு அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு முறை போனாள். நிரந்தரமாகக் குடியேற மனு போட்டிருக்கும் ஒருத்தி வெறுமனே பார்த்துவிட்டுத் திரும்புவாள் என்று அவர்கள் நம்பவில்லை. அம்மா வர முடியாது, இவள் வேறு எந்த வழியாகவும் போக முடியாது. இருந்தது அந்த ஒரே மனுதான்.

மாப்பிள்ளையை அவள் சந்தித்தது தி. நகரில், அவருடைய பாத்திரக் கடையில். குக்கருக்கு கேஸ்கெட் வாங்கப் போனாள். அளவு தவறாகக் கொடுத்தார். மாற்றப் போனாள். மறுபடியும் தவறு. மூன்றாவது முறை வேண்டுமென்றேதான் தவறாகக் கொடுத்தேன் என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். தென்காசிப் பக்கத்துக் குடும்பம். அப்பா போன பிறகு கடையைத் தூக்கி நிறுத்துவதில் முப்பத்தெட்டு வயது ஆகிவிட்டது அவருக்கு. மனு விஷயத்தைத் தங்கை முதலிலேயே சொல்லிவிட்டாள். காத்திருக்கிறேன் என்றார். அவள் போய், கார்டு வாங்கி, அம்மாவோடு கொஞ்ச காலம் இருந்து, வந்து மணம் செய்துகொண்டு, பிறகு கணவனுக்கு மனு போடுவது. அதுதான் திட்டம்.

இடைஞ்சல் அவருடைய தம்பியால் வந்தது. தம்பிக்குப் பெண் அமைந்துவிட்டது. தையில் கல்யாணம். மூத்தவனுக்கு முடிக்காமல் இளையவனுக்குச் செய்ய முடியாது என்று பெண் வீட்டில் சொன்னார்கள். கடைக்கு மேல் மாடியில்தான் அவர்கள் வீடு. என்னையும் தங்கையையும் வரச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மூத்தவன் நிக்கையில இளையவனுக்கு எப்படித் தம்பி மாலை போடுறது?"

"ஒரு வருஷம் தள்ளி வெக்க முடியாதுங்களாம்மா?"

"எட்டு வருஷமா நீங்க தள்ளி வெச்சிருக்கீங்க. இப்ப எங்களுக்கும் கத்துத் தாறீங்களாக்கும்."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஒரு யோசனை சொன்னேன். வழி கண்டுபிடித்துவிட்ட திருப்தியோடு சொன்னேன் என்று நினைவு.

"கோயில்ல தாலி மட்டும் கட்டிடலாம். பதிவு பண்ண வேணாம். பதிவு இல்லைன்னா சட்டப்படி கல்யாணமே இல்ல. விசா வந்தப்புறம் பதிவு பண்ணிக்கலாம். அந்தத் தேதிதான் கல்யாணத் தேதி."

"அப்ப அதுக்கு முந்தி கட்டுனது என்ன?"

"அது நமக்கும்மா."

"நமக்குக் கல்யாணம், அமெரிக்காக்காரனுக்கு இல்லியா. நல்லாத்தான் சொல்லுதீங்க தம்பி. தாலி கட்டிட்டா கல்யாணம்னுல்லா நாங்க நெனச்சிட்டு இருக்கோம்."

தங்கை என் பக்கம் திரும்பி, "நிச்சயமாத் தெரியுமாண்ணா?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றேன்.

ஒரு நாளிதழில் இருபத்திரண்டு வருடம் துணை ஆசிரியராக இருந்தேன். நிருபர்கள் எழுதி அனுப்புவதில் தேதி, வயது, ஊர் சரியா என்று பார்ப்பது வேலை. வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் நான் படித்த பிறகுதான் கையெழுத்து. "பதிவு இல்லையென்றால் கல்யாணம் இல்லை" என்று எந்த நிருபராவது எழுதியிருந்தால், யார் சொன்னது என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். இதை எனக்கு யார் சொன்னார்கள் என்று இப்போது யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. எல்லோரும் சொல்வதுதான்.

அண்ணன் போனில் ஒரே கேள்விதான் கேட்டார்: "ரிஜிஸ்டர் பண்ணலையே?" இல்லை என்றதும் நிம்மதியானார். அம்மா, தாலி கட்டும்போது போனில் காட்டச் சொன்னாள். போனில் காட்டினால் எங்கேயாவது பதிவாகிவிடும் என்று நான் மறுத்துவிட்டேன். தன் ஒரே மகளின் கல்யாணத்தை அம்மா பார்க்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் தங்கை என் வீட்டிலேயே இருந்தாள். சனிக்கிழமை மாலை தி. நகர் போவாள், திங்கள் காலை அங்கிருந்தே தரமணிக்குப் போவாள். தாலிக் கயிறு சுடிதாரின் கழுத்துக்குள் இருக்கும். மாமியார் கொடுத்த மெட்டியை மட்டும் அவள் கழற்ற மறுத்தாள். அலுவலகத்தில் ஷூ போட்டுக்கொண்டாள். எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அம்மாளிடம் அந்த ஷூ பலிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை நானும் தங்கையும் நின்று கொண்டிருந்தபோது பூவை முழம் போட்டுக்கொண்டே கேட்டார்.

"இன்னா கண்ணு, கழுத்துல மஞ்சக் கயிறு கீது. சொல்லவே இல்ல?"

"வேண்டுதல்க்கா."

"வேண்டுதலுக்குக் கால்ல மெட்டி போட்டுக்கினு வருவாங்களா? யாருக்குக் காது குத்துற? ரெண்டு மொழமா வாங்கிக்கினு போ. புதுப் பொண்ணு ஒரு மொழம் வெச்சா நல்லாவா இருக்கும்."

தங்கை சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து படியேறும்போது, "நம்ம தெருவுக்கே தெரியுது, அவங்களுக்கு மட்டும் தெரியாதா?" என்றாள். தெருவுக்குத் தெரிவது வேறு, ஆவணத்தில் இருப்பது வேறு என்றேன்.

மூன்றாம் மாதம் தாலி பிரித்துக் கோத்தார்கள். மஞ்சள் கயிற்றில் இருந்த தாலியைத் தங்கச் சங்கிலிக்கு மாற்றும் சடங்கு. அதற்கு அடுத்த வாரம் மின்னஞ்சல் வந்தது. தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் குறித்திருந்தார்கள். ஐந்து வாரம் இருந்தது. கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியலை அச்செடுத்து வரிசையாகக் குறிக்கத் தொடங்கினேன். பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, காவல்துறைச் சான்று. மனு போட்டிருந்த பிரிவின் விளக்கமும் அதில் இருந்தது: நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவரின் மணமாகாத மகன் அல்லது மகள். நேர்காணலில் உறுதிமொழி எடுத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் பேனா நின்றது. அவள் ஒரு அதிகாரியின் முன்னால் வலது கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதை அப்போதுதான் முதல் முறையாக மனதில் பார்த்தேன்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு வழக்கறிஞர் இருக்கிறார். நான் நீதிமன்றச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் பழக்கம். மணமாகாதவர் என்று ஒரு பிரமாணப் பத்திரம் கையில் இருந்தால் நல்லது என்று நினைத்து அவரிடம் போனேன். விஷயத்தை முழுதாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"யோவ், தாலி கட்டிட்டு மணமாகாதவள்னு பத்திரமா?"

"பதிவு பண்ணலைங்க."

"பதிவு எதுக்குய்யா? கல்யாணம் நடந்ததுக்குச் சாட்சி. சடங்குதான் கல்யாணம். ஊர் வழக்கப்படி தாலி கட்டினா முடிஞ்சுது. பதிவு இல்லைன்னா கல்யாணம் இல்லைன்னு உனக்கு யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அம்மா குடியுரிமை வாங்கிவிட்டாளா என்று கேட்டார். இல்லை, இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை என்று தள்ளிப்போட்டுவிட்டாள் என்றேன். "வாங்கியிருந்தாங்கன்னா மணமான மகள்னு வேற வரிசைக்குப் போயிருக்கும். இப்ப அதுவும் இல்ல. உன் தங்கச்சி கழுத்துல தாலி ஏறின அன்னிக்கே அந்த மனு செத்துப்போச்சு. இனிமே உங்கம்மா குடியுரிமை வாங்கினாலும் அது எழுந்திரிக்காது. புதுசாப் போடணும்."

"எவ்வளவு வருஷம் ஆகும்?"

"உங்கம்மாவுக்கு என்ன வயசு?"

"எழுபத்தி நாலு."

அவர் டீ வரவழைத்தார். குடித்து முடித்த பிறகு, "பொய் சொல்லிட்டுப் போகலாம்னு யாராவது சொல்வாங்க" என்றார். "போனா, நாளைக்குப் புருஷனுக்கு மனு போடும்போது எந்தத் தேதியில கல்யாணம்னு எழுதுவா? கோயில்ல பதினோரு பேர் இருந்திருக்கீங்க. வெளியே வந்துதுன்னா அவளுக்கு ஆயுசுக்கும் கதவு சாத்திருவாங்க. போகாமலும் இருக்காதீங்க. நடந்ததை எழுதிக் குடுத்துட்டு விலகிக்கச் சொல்லு."

அன்று மாலையே தங்கையிடம் சொன்னேன். எந்த வார்த்தையையும் மாற்றாமல் அவர் சொன்னபடியே சொன்னேன். அவள் முறத்தில் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கி முடித்தாள். "அப்ப அந்தக் கேஸ்கெட் கடைக்காரரோட அம்மா சொன்னதுதான் சரி" என்றாள். என் மனைவி அடுப்படியிலிருந்து, "ஊருக்கெல்லாம் தப்புத் திருத்தறவர் வீட்ல இப்படி" என்றாள். 

சனிக்கிழமை காலை அண்ணனும் அம்மாவும் போனில் வந்தார்கள். ஸ்பீக்கரில் போட்டோம். அண்ணன் தயங்கவே இல்லை.

"ரெக்கார்டு எதுவும் இல்லைல்ல? கழட்டி வெச்சுட்டுப் போகட்டும். யாருக்குத் தெரியும்? அங்க ஜன்னல்ல ரெண்டு நிமிஷம் பேசுவாங்க, அவ்வளவுதான்."

"கேட்டா?" என்றாள் தங்கை.

"கேட்டா இல்லைன்னு சொல்லு. எட்டு வருஷம்மா. அம்மா நெலமை தெரியுமில்ல?"

அம்மா குறுக்கிட்டாள். அம்மா வேண்டாம் என்று சொல்லுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். தாலி விஷயத்தில் கண்டிப்பானவள் என்று நினைத்திருந்தேன்.

"ஒரு மணி நேரந்தானேடி. கழட்டி சாமி படத்துகிட்ட வெச்சுட்டுப் போ. வந்ததும் போட்டுக்கோ. ஒண்ணும் ஆகாது."

தங்கை போனுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பா போனப்ப நீ கழட்ட மாட்டேன்னு ரெண்டு நாள் கதவைச் சாத்திக்கிட்டு இருந்தியே."

"அது வேற."

"எப்படிம்மா வேற?"

"உங்கப்பா திரும்பி வரப்போறதில்ல. நீ வரலாம்." அம்மாவின் குரல் அப்போது மாறியது. "நான் எவ்வளவு நாள் இருப்பேன்னு எனக்குத் தெரியாது. வந்து பக்கத்துல உக்காரு. போதும்."

அண்ணன் ஏதோ சொல்லத் தொடங்கினார். தங்கை யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அதற்கடுத்த வாரங்களில் அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எட்டு வருடங்களாக ஒவ்வொரு படிவத்தையும் என்னிடம் காட்டியவள். சொல்லவேண்டியதை மட்டும் சொல்லி, உண்மையை எழுதி, மனுவைத் திரும்பப் பெறும் ஒரு கடிதத்தை நான் எழுதிவைத்தேன். கோயிலில் ஒரு சடங்கு நடந்தது, அதன் சட்ட விளைவை அறியவில்லை என்று அதில் இருந்தது. அவள் படித்துவிட்டு, மடித்து என்னிடமே கொடுத்தாள். "சடங்கு இல்லண்ணா. கல்யாணம்" என்றாள். போகப்போகிறாளா, விலகப்போகிறாளா என்று அதிலிருந்து எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையும் சொல்லவில்லை. "அவ என்ன முடிவெடுத்தாலும் சரி மச்சான்" என்று மட்டும் சொன்னார். அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

நேர்காணல் ஒரு வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு. புதன்கிழமை அவள் தி. நகரில் தங்கினாள். வியாழன் காலை ஒன்பதே முக்காலுக்கு மாப்பிள்ளையின் கடைக்குப் போனேன். அவர் வெளியே சின்னக் குடங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையால் உள்ளே காட்டினார்.

தங்கை கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு பெண்மணிக்கு இட்லிக் குண்டான் காட்டிக்கொண்டிருந்தாள். புடவை கட்டியிருந்தாள். தாலிச் சங்கிலி புடவைக்கு மேலே கிடந்தது. வெளியில் அதை நான் பார்த்தது அன்றுதான்.

"நாலு தட்டா, ஆறு தட்டா?" என்று கேட்டாள்.

"வீட்ல எத்தனை பேர்னு கேட்டுட்டுச் சொல்லும்மா. சும்மா பெருசைத் தலையில கட்டாதே."

"ஒங்க வீட்ல எத்தனை பேர்னு நான் எப்படிக்கா கேக்கறது? நீங்கதான் சொல்லணும்."

அந்தப் பெண்மணி சிரித்து நாலு தட்டு வாங்கிக்கொண்டார். அவர் போனதும் தங்கை என்னிடம், திங்கள்கிழமையே எழுதி அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். அவளே எழுதினாளாம். நாலு வரி. மனுவை மேற்கொண்டு பார்க்க வேண்டாம், எனக்குத் திருமணமாகிவிட்டது, இன்ன தேதியில், இன்ன கோயிலில். நேற்று பதில் வந்துவிட்டது என்றாள். நேர்காணல் ரத்து.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

பத்து மணிக்கு என் போன் அடித்தது. அம்மா. அங்கே தூங்காமல் விழித்திருந்திருக்கிறாள்.

"முடிஞ்சுதா? வெளிய வந்துட்டாளா? என்ன கேட்டாங்களாம்?"

தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டவில்லை. நான் சொல்ல வேண்டும் என்பது புரிந்தது. தவறு என்னுடையது, பதிவு இல்லாவிட்டாலும் அது கல்யாணம்தான், அவள் அதை எழுதிக் கொடுத்துவிட்டாள், மனு முடிந்தது என்று சொன்னேன். வேறு எதையும் சேர்க்கவில்லை.  தொடர்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அவகிட்ட குடு" என்றாள் அம்மா.

தங்கை போனை வாங்கிக்கொண்டு கடைக்கு வெளியே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நடைபாதையில், அடுக்கி வைத்த குடங்களுக்கு நடுவில் நின்று பேசினாள். சாலை இரைச்சலில் எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. முதலில் அவள்தான் பேசினாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு முறை புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ஒரு முறை சிரித்த மாதிரி இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது. மாப்பிள்ளை ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் அவளருகில் தரையில் வைத்துவிட்டு வந்தார்.

திரும்பி வந்து போனை என்னிடம் நீட்டினாள். காதில் வைத்தேன். தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

"உன்கிட்ட அப்புறமாப் பேசறாங்களாம்" என்றாள்.

இது நடந்து ஏழு வாரம் ஆகிறது. அம்மா தினமும் தங்கையிடம் பேசுகிறாள்.